கறுப்புக் கவரில் பத்து மாத்திரை

உட்காருங்க சார், அந்த ஸ்டூல்ல உட்காருங்க. மழை இப்போதைக்கு விடாது. சங்கரன்கோவில் பஸ் நாலே காலுக்குத்தான்.

எந்த ஊர்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பார்க்கிறீங்களா? கடைக்கு முன்னால அந்தப் பக்கம் ஒரு தடவை நடந்தீங்க, இந்தப் பக்கம் ஒரு தடவை நடந்தீங்க. மூணாவது தடவை, கடையில ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படி ஏறினீங்க. மருந்துச் சீட்டை எட்டா மடிச்சு உள்ளங்கைக்குள்ள வச்சிருக்கீங்க. இந்தப் புளியங்குடிக்காரங்க சீட்டை விரிச்சு விசிறிக்கிட்டே வருவாங்க. வெளியூர்க்காரங்கதான் மடிப்பாங்க. அதிலயும் எட்டா மடிச்சா சங்கரன்கோவில்தான். இருபத்திரண்டு வருஷ அனுபவம் சார்.

கொடுங்க சீட்டை. அடடா, நனைஞ்சு போச்சே. இப்போ பிரிச்சா மடிப்புல கிழிஞ்சிடும். கிழிஞ்ச சீட்டுக்கு நான் மருந்து தர மாட்டேன், அது என் கொள்கை. ஃபேன் காத்துல பத்து நிமிஷம் காயட்டும்.

யாருக்குன்னு நான் கேக்க மாட்டேன். அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது.

பையனுக்கா? நான் கேக்கலையே சார். பத்தாம் வகுப்பா? சரி, சரி.

பயப்படாதீங்க, இங்கே எல்லாம் ரகசியம். இந்த ஊர்ல மருந்துக்குக் கறுப்புக் கவர் கொண்டு வந்ததே நான்தான். முன்னெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம், மனசு சமாச்சாரம் எல்லாம் பழைய செய்தித்தாள்ல சுத்தித்தான் கொடுப்பாங்க. பிறகு நான் கறுப்பு பிளாஸ்டிக் கவர் கொண்டு வந்தேன். பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும் சிவகாசியில சொல்லிக் கறுப்புத் தாள்லயே கவர் செய்ய வச்சேன். உள்ளே என்ன இருக்குன்னு கடவுளுக்குக்கூடத் தெரியாது. இந்த ஊர்ல யாருக்கு என்ன நோவுன்னு என் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்ல. எதிர்ல எலுமிச்சை மண்டி தெரியுதுல்ல? அந்த முதலாளி ஆறு வருஷமா தூக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுறார். யாருக்காவது தெரியுமா? தெரியாது. அதான் சார் தொழில்.

"அண்ணாச்சி, மெதுவாப் பேசுங்க, மண்டிக்குக் கேக்குது."

பாக்கியத்தாய் சார். உள்ளே சரக்கு அடுக்கிக்கிட்டு இருக்கா. பதினஞ்சு வருஷமா இங்கே வேலை பார்க்கிறா. அவ சொல்றதைக் காதுல வாங்காதீங்க.

எங்கே விட்டேன்? ஆமா, உங்க பையன். உங்க பையன் கதை வேண்டாம். நான் என் மகள் கதையைச் சொல்றேன். உங்க சீட்டுல இருக்கிற மாத்திரை என்னன்னு எனக்குத் தெரியும். மடிப்புக்கு மேலே முதல் மூணு எழுத்து தெரியுது. என் மகளுக்கும் அதேதான்.

பார்த்தீங்களா, ஸ்டூலை இப்பத்தான் முன்னால இழுத்துப் போட்டீங்க.

என் மகள் பேர் கோமதி. வீட்டுல கோமு. போன வருஷம் பதினொண்ணாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, நீங்க உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூல்ல, புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு உட்காருவா. படிக்கிறான்னுதான் நினைப்பேன். ராத்திரி சாப்பிடும்போதுதான் தெரியும். அன்னிக்குக் கடைக்கு வந்தவங்க அத்தனை பேரும் எங்க அடுக்களைக்கு வந்துடுவாங்க. இருமல் மருந்து கேட்டு வந்து, பேரைச் சொல்ல முடியாம இருமிக்கிட்டே நிக்கிற வாத்தியார் வருவார். நாப்கின் வாங்க வந்து, பேரைச் சொல்ல வெக்கப்பட்டு, அதுக்குப் பதிலா நாலு பற்பசை வாங்கிட்டுப் போற புதுப்பொண்ணு வருவா. கடைசியில நான் வருவேன், அதாவது அவ நானாவே மாறிடுவா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சீட்டை ஒரு முழம் தள்ளிப் பிடிச்சு, "ம்ம்... இது அது இல்லையே..." அப்படீன்னு. நான் அப்படிப் பேசறதே இல்ல சார். ஆனா வடிவு, அதாவது என் சம்சாரம் சண்முகவடிவு, அவ அங்கன்வாடியில டீச்சர், அவளுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறிடும்.

தை மாசம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். கோமு வயித்து வலின்னா. கொடுத்தேன். அடுத்த வாரம் தலைவலின்னா. கொடுத்தேன். சாப்பாடு இறங்கலைன்னா, பசிக்கு ஒரு சிரப். சாயங்காலம் வந்ததும் படுத்துடறா, ராத்திரி முழிச்சுக்கிட்டு இருக்கா, சரி, ரத்தம் கம்மின்னு இரும்புச் சத்து. மார்க் இறங்குது, ஞாபக சக்திக்கு ஒண்ணு. பத்தாததுக்குப் பூச்சி மருந்து. சாதாரணமா ஒரு ஆளுக்கு உடம்பு சரியில்லேன்னா கடைக்குப் போகணும். எங்க வீட்டுல கடையே வந்துடுச்சு. சாமி படத்துக்குக் கீழே எட்டு பாட்டில் வரிசையா நின்னுச்சு. ஒரு நோவுக்கு ஒரு மருந்து, எட்டு நோவுக்கு எட்டு மருந்து. தப்பு இருக்கா சொல்லுங்க.

அதுல எனக்கு ஒரு பெருமை வேற. முன்னெல்லாம் அவளுக்கு ஒரு மூடி மருந்து ஊத்தணும்னா வீட்டைச் சுத்தி மூணு சுத்து ஓடணும். "பதினாறு வயசுல பூச்சி மருந்தா? நீங்க குடிங்க முதல்ல"ன்னு கேப்பா. இந்தத் தடவை ஒண்ணும் சொல்லலை. கையை நீட்டினா, வாங்கினா, குடிச்சா, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துட்டா. "பிள்ளைக்குப் பொறுப்பு வந்துடுச்சு வடிவு"ன்னு நானே சொன்னேன். என் வாயால சொன்னேன் சார்.

எரிஞ்சு விழுவா. சீப்பை இடம் மாத்தி வச்சதுக்கு அவங்கம்மாகிட்ட அரை மணி நேரம் கத்தினா. கத்தி முடிச்சதும் அந்தச் சீப்பால தலை சீவவே இல்ல, மூணு நாள். வயசுக் கோளாறுன்னேன். கூட்டாளிப் பிள்ளைங்க வந்து கூப்பிட்டா தூங்குறான்னு சொல்லச் சொல்லுவா. பரீட்சை பயம்னேன். எல்லாத்துக்கும் என்கிட்ட ஒரு பேர் இருந்துச்சு.

கடைசியில நான்தான் கண்டுபிடிச்சேன். அதாவது, வடிவு சொன்னா, நான் கண்டுபிடிச்சேன். ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். தட்டு சத்தம் மட்டும்தான் கேக்குது. வடிவு என்னைப் பார்த்து, "என்னங்க, இவ உங்களை மாதிரிப் பேசிக் காட்டி எத்தனை நாளாச்சு தெரியுமா?"ன்னா.

நான் யோசிச்சேன். "தொல்லை விட்டுச்சு"ன்னேன்.

"ரெண்டரை மாசம்"னா வடிவு. "என் சென்டர்ல ஒரு பிள்ளை ரெண்டு நாள் விளையாடாம மூலையில உட்கார்ந்தா நான் அவங்கம்மாவைக் கூப்பிட்டு விடுவேன். என் வீட்டுல ரெண்டரை மாசமா ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கு. நீங்க அதுக்கு மேலே பாட்டில் அடுக்குறீங்க."

அப்புறம்தான் திருநெல்வேலி போனோம். மனநல டாக்டர்னு போர்டு போட்டிருக்கும், அதனால மூணு கட்டடம் தள்ளி ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். டாக்டரம்மா சின்ன வயசு. எங்க ரெண்டு பேரையும் வெளியே உட்கார வச்சுட்டு கோமுகிட்ட முக்கால் மணி நேரம் பேசினாங்க. அவ அதுக்கு முந்தின ரெண்டு மாசத்துல வீட்டுல மொத்தமா அவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டா. பிறகு எங்களைக் கூப்பிட்டாங்க. நான் பையிலிருந்து எட்டு பாட்டில் பேரும் எழுதின தாளை எடுத்து நீட்டினேன். டாக்டரம்மா படிச்சாங்க. "சார், ஒரு கடையே வச்சிருக்கீங்க போல"ன்னாங்க.

"ஆமா டாக்டர், பஸ் ஸ்டாண்ட் எதிர்ல"ன்னேன்.

சிரிக்காதீங்க சார். அவங்களும் சிரிக்கலை. மனச்சோர்வுன்னாங்க. நான் ஒத்துக்கலை. "சோகமா இருந்தா அழணுமே டாக்டர்? இவ அழவே இல்ல, எரிஞ்சுதானே விழுறா?"ன்னு கேட்டேன். இந்த வயசுல பல பிள்ளைங்களுக்கு அது எரிச்சலாத்தான் வெளியே வரும்னாங்க. வயித்து வலியா வரும், தலைவலியா வரும், தூக்கம் தலைகீழாப் போகும், பிடிச்சது பிடிக்காமப் போகும். நீங்க ஒவ்வொண்ணுக்கும் மருந்து கொடுத்தீங்க, எல்லாத்துக்கும் அடியில இருந்தது இதுதான்னாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, கோமு சொல்லச் சொன்னதாலதான் சொல்றேன்னு, இன்னொண்ணு சொன்னாங்க.

காலையில கண் முழிக்காமலே போயிட்டா நல்லாயிருக்கும்னு அவளுக்குத் தோணுதாம். தினமும். ரெண்டு மாசமா.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன் சார்.

ம். நான் தினமும் காலையில ஆறு மணிக்கு அவ ரூம் கதவைத் தட்டி, "எந்திரிம்மா, சூரியன் உச்சிக்கு வந்தாச்சு"ன்னு சத்தம் போடுவேன்.

டாக்டரம்மா நாலு விஷயம் சொன்னாங்க. உங்களுக்கும் சொல்லியிருப்பாங்க, மறுபடியும் கேட்டுக்கோங்க. இந்த மாத்திரை உடனே வேலை செய்யாது, பல வாரம் ஆகும். முதல்ல குமட்டல், தலைவலி வரலாம், தூக்கம் கொஞ்சம் மாறலாம். ஆரம்பத்துல பிள்ளையைக் கண்ணும் கருத்துமாப் பார்த்துக்கணும், படபடப்பு அதிகமானாலோ, சாவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாலோ நேரங்காலம் பார்க்காமக் கூப்பிடணும். வீட்டுல இருக்கிற மத்த மருந்தை எல்லாம் வெளியேத்தணும், இந்த மாத்திரையையும் நிறைய வாங்கி வைக்கக் கூடாது, பத்துப் பத்தா வாங்கி அம்மா கையாலதான் கொடுக்கணும். நாலுன்னு சொன்னேனா? அஞ்சாவதுதான் முக்கியம். நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்தக் கூடாது. நிறுத்துறதா இருந்தா நான்தான் மெதுவாக் குறைப்பேன்னாங்க. மாத்திரையோட மாசம் ரெண்டு தடவை அவங்ககிட்ட வந்து பேசவும் செய்யணும்.

வீட்டுக்கு வந்து அந்த எட்டு பாட்டிலையும் மத்ததையும் ரெண்டு பையில கட்டினேன். என் கையால கொண்டு வந்தது, என் கையால திரும்பக் கொண்டு போனேன்.

இப்பத்தான் சார் என் புத்திசாலித்தனம் ஆரம்பிக்குது.

மாத்திரை என் கடையிலேயே இருக்கு. பாருங்க, மூணாவது தட்டு, இடது ஓரம். ஆனா அங்கேயிருந்து எடுத்தா பாக்கியத்தாய்க்குத் தெரிஞ்சுடும். அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரிஞ்சுடும். மத்தவங்க ரகசியத்தைக் காப்பாத்துறவன், சொந்த மகள் ரகசியத்தை விட்டுருவேனா? பஸ் ஏறினேன். சங்கரன்கோவில். உங்க ஊர்தான். அங்கே மருந்துக் கடைக்காரங்க பாதிப் பேருக்குச் சங்கத்துல என்னைத் தெரியும். அதனால புதுசா ஒரு தம்பி கடை வச்சிருந்தார், அங்கே போனேன். தெருவுல அந்தப் பக்கம் ஒரு தடவை நடந்தேன், இந்தப் பக்கம் ஒரு தடவை நடந்தேன். ஆள் இல்லாதப்போ ஏறினேன்.

தம்பி சீட்டை வாங்கிப் பார்த்தார். "எந்த ஊர் அண்ணாச்சி?"

"புளியங்குடி."

"அங்கேயிருந்தா இதுக்கு வந்தீங்க? உங்க ஊர்ல பஸ் ஸ்டாண்ட் எதிர்ல ஒரு கடை இருக்கே. அங்கே கறுப்புக் கவர்ல போட்டு ரகசியமாத் தருவாராமே. எங்க ஊர்ல பாதிப் பேர் அங்கேதான் போறாங்க."

"அந்த ஆள் சரியில்ல தம்பி"ன்னேன்.

தம்பி மாத்திரையை அப்படியே கையில கொடுத்தார். கவர் கிடையாதாம். கைக்குட்டையில சுத்திக்கிட்டு வந்தேன்.

பாக்கியத்தாய்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனேன் தெரியுமா? பல் டாக்டர். பத்து நாளைக்கு ஒரு தடவை பல் டாக்டர். கன்னத்துல கையை வச்சுக்கிட்டுக் கிளம்புவேன். அஞ்சாவது தடவை பாக்கியத்தாய், "இன்னும் பல்லு மிச்சம் இருக்கா அண்ணாச்சி?"ன்னா. ஒண்ணும் சந்தேகப்படலை சார், அக்கறையாத்தான் கேட்டா.

மாத்திரை ஆரம்பிச்சதும் நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிச்சேன். காய்ச்சல் மாத்திரைன்னா அரை மணி நேரத்துல வியர்க்கும். அந்தப் பழக்கம். "எப்படிம்மா இருக்கு?"ன்னு கேப்பேன். "குமட்டுது"ம்பா. கொஞ்ச நேரம் கழிச்சு, "இப்போ?" ஒரு வாரம் போச்சு, குமட்டல் போச்சு, வேற ஒண்ணும் நடக்கலை. ரெண்டாவது வாரம், "இப்போ எப்படிம்மா?"ன்னு நான் கேட்டப்போ திரும்பிப் பார்த்து, "அப்பா, நீங்க கேக்கிறதை நிறுத்த ஏதாவது மாத்திரை இருக்கா?"ன்னா. நான் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டேன். வடிவு உள்ளே போய் வாயைப் பொத்திச் சிரிச்சா. எதுக்குச் சிரிச்சான்னு அப்போ எனக்குப் புரியலை.

அஞ்சாவது வாரம் ஒரு நாள் கோமு சாதத்தைப் பிசைஞ்சு ஒரு வாய் வச்சுட்டு, "சாம்பார்ல உப்பு இல்ல"ன்னா. அவ்வளவுதான். அத்தனை மாசமா எதைப் போட்டாலும் ரெண்டு வாய் சாப்பிட்டு எந்திரிச்ச பிள்ளை. வடிவு உப்பு ஜாடியை எடுக்க ஓடினா பாருங்க, ஏதோ பரிசு வாங்கப் போற மாதிரி. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. தானாத் தலைக்குக் குளிச்சா. கூட்டாளிப் பிள்ளைங்களை உள்ளே கூப்பிட்டா. ஒரு நாள் நான் கதவைத் தட்டுறதுக்கு முன்னாலேயே முழிச்சிருந்தா. ஆனா அடுக்களைக்கு மட்டும் யாரும் வரலை. இருமல் வாத்தியாரும் வரலை, புதுப்பொண்ணும் வரலை.

ஆடி வந்துச்சு. உங்க ஊர் ஆடித்தபசு. மாத்திரை அன்னிக்குக் காலையோட தீருது. முந்தின நாள் போயிருக்கணும், கிளம்புற நேரம் பார்த்து மண்டி முதலாளி வந்து ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு இருந்துட்டார். மறுநாள் போனா, பஸ்ஸை ஊருக்கு வெளியேயே நிறுத்திட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா? லட்சம் ஜனம். அம்மன் ஒத்தைக் கால்ல தபசு நிக்கிறதைப் பார்க்க வந்த கூட்டத்துல நானும் ஒத்தைக் கால்லதான் நின்னேன், இன்னொரு காலை வைக்க இடம் இல்ல. கன்னத்துல கையை வேற வச்சிருக்கேன், பழக்கத்துல. தள்ளி, இடிச்சு, தம்பி கடைக்குப் போய்ச் சேர்ந்தா, ஷட்டர்ல ஒரு தாள்: 'ஆடித்தபசு, மூன்று நாள் விடுமுறை.'

மத்த கடைகளுக்குப் போக முடியாது, சங்கம். திரும்பி வந்துட்டேன்.

வடிவு கேட்டா. "கிடைக்கலை"ன்னேன். "உங்க கடையில?" "இருக்கு." "எடுத்துட்டு வர வேண்டியதுதானே?" "பாக்கியத்தாய் பார்த்துடுவா." வடிவு என்னை ஒரு பார்வை பார்த்தா. நான் சமாதானம் சொன்னேன்: "இப்பத்தான் நல்லா இருக்காளே. மூணு நாள் இல்லேன்னா என்ன ஆயிடும்?" இருபத்திரண்டு வருஷமா, மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்கன்னு இந்தக் கவுண்டர்ல நின்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன். அதை என் வீட்டுல எனக்குச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு. இல்ல, ஆள் இருந்துச்சு. வடிவு சொன்னா. நான் கேக்கலை.

ரெண்டாவது நாள் கோமுவுக்குத் தலை சுத்துச்சு. தலைக்குள்ள சின்னச் சின்னதாக் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குன்னா. மூணாவது நாள் காரணமே இல்லாம அழுதா. ராத்திரி நான் எட்டிப் பார்த்தப்போ, பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. சார், அந்த முதுகை எனக்குத் தெரியும். ரெண்டரை மாசம் பார்த்த முதுகு.

நானும் தூங்கலை. விடிஞ்சதும் சங்கரன்கோவில் போயிடலாம், தம்பி கடை திறந்துடும்னு கணக்குப் போட்டுக்கிட்டே படுத்திருந்தேன். மாத்திரை மூணாவது தட்டுல இருக்கு, நான் பஸ் நேரத்தை யோசிக்கிறேன்.

காலையில கிளம்ப முடியலை. திங்கட்கிழமை, கடையில கூட்டம். கவுண்டரைச் சுத்திப் பத்துப் பேர். மண்டி முதலாளி, படை மருந்து வாங்க வந்தவர், நின்ன இடத்துலேயே சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறார். முனிசிபாலிட்டி ஆபீஸ் அம்மா ஒருத்தங்க, பிரஷர் மாத்திரைக்கு. ஆட்டோ ஒண்ணு வந்து நின்னுச்சு. கோமு இறங்கினா. பின்னாலேயே வடிவு. கோமு முகம் வெளுத்து, கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் படி ஏறினா. நான் கண்ணைக் காட்டினேன், வீட்டுக்குப் போன்னு. அவ கூட்டத்துக்குப் பின்னால போய் வரிசையில நின்னா சார். முறைப்படி. அவ முறை வந்ததும் சீட்டை விரிச்சுக் கவுண்டர்ல வச்சா.

"இதுல பத்து வேணும்."

"நீ வீட்டுக்குப் போம்மா, அப்பா கொண்டு வர்றேன்."

"நாலு நாளா அதைத்தான் சொல்றீங்க."

"கோமு, இங்கே எல்லாரும்..."

"எனக்கு மனச்சோர்வு. அதுக்கு மாத்திரை சாப்பிடுறேன். டாக்டர் சீட்டு இருக்கு. கடையில சரக்கு இருக்கு. எல்லாருக்கும் தர்றீங்க, எனக்கு மட்டும் ஏன் தர மாட்டேங்கிறீங்க?"

சத்தம் போடலை. சும்மாத்தான் கேட்டா. ஆனா கடை அப்படியே நின்னு போச்சு. மண்டி முதலாளி சொறியறதை நிறுத்திட்டார். வடிவு பின்னாலேயிருந்து, "டாக்டருக்குப் போன் போட்டுட்டேன். இன்னிக்கே பழைய அளவுல ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. உங்களைத் தனியா வந்து பார்க்கச் சொன்னாங்க"ன்னா.

நான் மூணாவது தட்டுப் பக்கம் திரும்பறேன். அதுக்குள்ள பாக்கியத்தாய் மேஜை டிராயரைத் திறந்து, ஒரு அட்டையை எடுத்து வச்சுட்டா. அங்கே எதுக்கு அந்த மாத்திரைன்னு பார்த்தேன்.

"மே மாசத்துலேயிருந்து எடுத்து வச்சிருக்கேன்"னா. "என்னைக்காவது கேப்பீங்கன்னு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நண்பரோட மகளுக்குன்னு மொத்த வியாபாரிகிட்ட போன்ல சந்தேகம் கேட்டீங்களே. உங்களுக்கு இருக்கிறது ஒரே நண்பர், அவருக்கு ரெண்டும் ஆம்பளப் பிள்ளை."

அப்போ அந்த முனிசிபாலிட்டி அம்மா எட்டி அட்டையைப் பார்த்தாங்க. "ஓ, இதுவா? எனக்குப் போன வருஷம் இதைத்தான் கொடுத்தாங்க. வெறும் வயித்துல போடாதே தாயி, குமட்டும். ஏதாச்சும் சாப்பிட்டியா?" மண்டி முதலாளி பையிலிருந்து ஒரு பிஸ்கெட் பாக்கெட்டை எடுத்துப் பிரிச்சார். அவ்வளவுதான் சார் நடந்தது. பஸ் ஏறி, பல்லைப் பிடிச்சு, கூட்டத்துல நசுங்கி, நான் மூணு மாசமா எதுக்குப் பயந்தேனோ அது நடந்தே போச்சு. ஒரு பிஸ்கெட் வந்துச்சு.

என் கை சும்மா இருக்குமா? தானாப் போய் ஒரு கறுப்புக் கவரை எடுத்து, அட்டையை உள்ளே போட்டு நீட்டுச்சு. கோமு கவருக்குள்ள கையை விட்டு அட்டையை எடுத்துக்கிட்டு, கவரை மட்டும் என்கிட்டயே திருப்பிக் கொடுத்தா. கேன் தண்ணியைப் பிடிச்சு, எல்லாரும் பார்க்க மாத்திரையைப் போட்டுக்கிட்டா. நீங்க உட்கார்ந்திருக்கிற ஸ்டூல்லதான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தா.

டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு என்ன சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேன். அதுல மட்டும் நான் உண்மையாவே ரகசியம் காப்பாத்துறேன்.

தலை சுத்தல் ரெண்டு மூணு நாள்ல போச்சு. மனசு பழைய இடத்துக்கு வர இன்னும் மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் என் கணக்குல.

பிறகு ஒரு ராத்திரி. நானும் வடிவும் சாப்பிட உட்கார்ந்தாச்சு. கோமுவைக் காணோம். அடுக்களை வாசல்ல செருமல் சத்தம். பார்த்தா ஒரு ஆள் நிக்குது. என் வேட்டி, என் கண்ணாடி, மூக்கு நுனியில. ஒரு கை கன்னத்துல. அந்தப் பக்கம் ஒரு தடவை நடந்துச்சு. இந்தப் பக்கம் ஒரு தடவை நடந்துச்சு. யாரும் இல்லையேன்னு எட்டிப் பார்த்துட்டு, வடிவு காதுக்கிட்டே குனிஞ்சு, "தம்பி... எனக்கில்ல... ஒரு நண்பரோட மகளுக்கு..."ன்னுச்சு.

வடிவு சிரிச்சா. புரை ஏறிச்சு. அப்புறம் சிரிப்பா அழுகையான்னு தெரியாம முந்தானையால முகத்தை மூடிக்கிட்டா. நான்? நான் அப்படி நடக்கவே மாட்டேன் சார். "இது அது இல்லையே"ன்னேன். அதுக்கும் ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க.

இன்னும் மாத்திரை சாப்பிடுறா. டாக்டரம்மா வர்ற கோடைக்குப் பிறகு குறைக்கிறதைப் பத்திப் பேசலாம்னு சொல்லியிருக்காங்க. சில நாள் சரியில்லைம்பா, படுத்துப்பா. நான் கதவைத் தட்டறதில்ல. ஒரு தடவை கேப்பேன், ஒரே தடவை. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இல்ல.

இதை நான் யார்கிட்டயும் சொன்னது கிடையாது சார். உங்க முகத்தைப் பார்த்ததும் சொல்லணும்னு தோணுச்சு.

"இந்த வாரத்துல நீங்க நாலாவது ஆள் சார்."

அவ சரக்கு அடுக்குற லட்சணம் இதுதான். ஆனா கோமுகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். "சொல்லுங்க, ஆனா கன்னத்துல கை வச்சதை விட்டுடாதீங்க"ன்னுதான் சொல்லியிருக்கா.

சீட்டு காய்ஞ்சாச்சு. பாருங்க, கிழியாமப் பிரியுது. தேதி சரியா இருக்கு, கையெழுத்து இருக்கு. பாக்கியத்தாய், மூணாவது தட்டுல ஒரு அட்டை. பத்துத்தானே சார்? பையனுக்கு வெறும் வயித்துல கொடுக்காதீங்க. தீர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாலேயே வாங்கிடுங்க, திருவிழா வந்துடும். உங்க ஊர்லேயே அந்தத் தம்பி கடை இருக்கு, நல்ல பிள்ளை, அங்கேயே வாங்கலாம். இல்ல, இங்கேயே வாங்க, பேச்சுத் துணையாச்சு.

பையன் எதைச் செஞ்சா வீடு சிரிக்கும் சார்? கிரிக்கெட் ஆடுறவன் மாதிரி மட்டையைச் சுழட்டுவானா? எத்தனை நாளாச்சு? ம். வரும் சார். நேரம் எடுக்கும். வர்றப்போ தெரிஞ்சுக்கணும்ல, அதுக்காகக் கேட்டேன்.

மழை விட்டுருச்சு. பஸ்ஸும் அந்தா திரும்புது. கவர்ல போடவா, அப்படியே தரவா?

கவர் வேண்டாமா? சட்டைப் பையிலயா? வெள்ளைச் சட்டை சார், ஈரம் வேற. பேர் வரைக்கும் வெளியே தெரியுது.

சரி. தெரியட்டும்.